வேருக்கு உத்தரவாதம் இல்லை

டொலீடோவில் மார்ச் மாதம்
மண் இளகத் தொடங்கினால்
என் தொலைபேசி மணியடிக்கும்.
"பாளம் தூக்கிக்கிச்சு" என்பார்கள்,
ராத்திரி யாரோ வந்து
தூக்கிவிட்டுப் போனது மாதிரி.

ஹாஸ்கெட் வீட்டு வண்டிப்பாதையில்
மூன்றாவது கான்கிரீட் பாளம்.
இரண்டரை அங்குலம், என்றேன்.
"இரண்டே முக்கால்" என்றார்.
தினமும் அளக்கிறவர்.

அவர் மனைவி லுயெல்லாவின் சக்கர நாற்காலி
அந்த விளிம்பில் முட்டி நிற்கும்.
அவர் அதைத் திருப்பி
பின்பக்கமாக இழுத்து ஏற்றுவார்.
அதனால் அவள் எப்போதும்
மேப்பிள் மரத்தைப் பார்த்தபடியே
வீட்டுக்குள் போவாள்.

மரம் அவர்களுடையது அல்ல.
வேலிக்கு அப்பால், திருமதி ஸ்டெல்மாக்குடையது.
இலை யாருடையது, நிழல் யாருடையது
முப்பது வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை.
வேர் என்றதும்
இரண்டு வீட்டிலும் பத்திரம் வெளியே வந்தது.
எல்லை தாண்டியதை வெட்டலாம் என்று
ஹாஸ்கெட்டின் மைத்துனர் சொன்னாராம்.
அவர் கார் விற்கிறவர்.

டாரெலும் நானும் கடப்பாரை கொடுத்துப்
பாளத்தைப் புரட்டினோம்.

இருபது வருஷமாக இந்த வேலை.
புரட்டிய பிறகு ஒரு நொடி
பேசாமல் நிற்பது எனக்குப் பழக்கம்.

தொடை கனத்தில் வேர்.
அடிப்பக்கம் உருண்டை,
மேல்பக்கம் தட்டை, மேஜை போல.
சல்லியின் ஒவ்வொரு கல்லும்
பட்டையில் குழியாகப் பதிந்திருந்தது.
சில கற்களை
விழுங்கியே விட்டிருந்தது.
முட்டித் தள்ளியதாகத் தெரியவில்லை.
பெருத்தது. அவ்வளவுதான்.
வருஷத்துக்கு ஒரு நகக்கனம்.

அதற்கும் கீழே
பழைய சுட்டமண் குழாய்.
இணைப்பில் ஒரு மயிரிழை நுழைந்து
உள்ளே நரிவால் கணக்காய் அடர்ந்திருந்தது.
"உங்கள் குளியல் தண்ணீரைத்தான்
இது குடித்து வந்திருக்கிறது" என்றேன்.

வீட்டு அங்கியோடு வேலியருகே நின்ற
திருமதி ஸ்டெல்மாக்
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"அப்படியானால் பாதி மரம் உன்னுடையது, வெர்னன்.
அக்டோபரில் இலையில் பாதியை
நீ பெருக்கு."

ஹாஸ்கெட் சிரிக்கவில்லை.
லுயெல்லா சிரித்தாள்,
ஜன்னலுக்கு உள்ளிருந்து, சத்தமாக.

டாரெல் ரம்பத்தை முடுக்கி வைத்திருந்தான்.
அடிமரத்திலிருந்து மூன்றடி தூரம்.
இதை அறுத்தால்
ஏரிக்காற்றுக்கு இந்தப் பக்கம் பிடி இருக்காது.
விழும் நாளில் எந்தக் கூரை என்று
மரம் பத்திரம் பார்க்காது.
அதையும் சொன்னேன்.
சொல்வது என் கூலியில் சேராது.

ரம்பம் சும்மா உறுமிக்கொண்டிருந்தது.
பெட்ரோல் வீணாகிறதே என்று நினைத்தேன்.
கடைசியில் ஹாஸ்கெட்
கையால் வெட்டுகிற மாதிரி சைகை காட்டி,
அதே கையை மெல்ல வளைத்தார்:
"சுத்திப் போக முடியுமா?"

முடியும்.
பியோனிப் பாத்தியில் நாலடி போகும்.
பாதை ஒரு முழங்கை மடிப்பாகத் திரும்பும்.
குழாய்க்கு வேறு ஆள், வேறு பில்.
நானூறு டாலர் கூடுதல்;
அதில் பாதிக்குக் காசோலை
வேலிக்கு மேலாக வந்தது,
பின்பக்கம் "இலைகள்" என்று எழுதி.

நான் தரும் தாளில் எட்டாவது வரி:
வேருக்கு உத்தரவாதம் இல்லை.
அவர் அதை இரண்டு முறை படித்தார்.
"எத்தனை வருஷம் தாங்கும்?"
"அதை என்னிடம் கேட்காதீர்கள்" என்றேன்,
மரத்தைப் பார்க்காமல்.

ஏழாம் நாள் கான்கிரீட் இறுகியது.
விளிம்பு இல்லை, முட்டல் இல்லை.
நாற்காலி முன்முகமாகவே
வளைவில் வழுக்கிப் போயிற்று.
வாசற்படிச் சரிவில் அவள்
சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெர்னன்,
திருப்பு."

அவர் நாற்காலியைத் திருப்பினார்.
பின்பக்கமாகவே இழுத்துப் போனார்.
நான் பலகைச் சட்டங்களை
வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.